கருவாட்டுப் பல்

கீரனூரில் யாராவது அவரிடம், "திருச்சி பஸ் போயிருச்சா சார்?" என்று கேட்டால், "சத்தம் கேட்டுச்சுங்க. நான் பாக்கலை" என்பார். பஸ் கிளப்பிவிட்ட புழுதி அவர் சட்டையிலேயே படிந்திருக்கும். கேட்டவன் அவரையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பக்கத்துச் சைக்கிள் கடையில் போய் மறுபடி கேட்பான். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று சின்ன வயதில் யாரோ பயமுறுத்தி வைத்ததுபோல் இருக்கும் அவர் பேச்சு.

பெயரைச் சொல்லப் போவதில்லை. அவருக்கு மூன்று பெண்கள். இப்போது எங்கெங்கோ குடித்தனம் நடத்திக்கொண்டிருப்பார்கள். தகப்பன் செய்ததற்குப் பிள்ளைகள் என்ன செய்யும்? நாங்கள் நேரில் அவரைச் சார் என்போம். முதுகுக்குப் பின்னால் "பாக்கலை சார்." சொந்த ஊர் ஆவுடையார்கோவில் பக்கம். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. சட்டைக் காலரில் எப்போதும் ஒரு ஊசி குத்தியிருக்கும். தையல்காரர் என்று நினைத்து, பட்டன் தைத்துத் தரச் சொன்னவர்கள்கூட உண்டு. தைத்தும் கொடுத்திருக்கிறார்.

மன்னர் ஆட்சி போய்ப் பத்து வருஷம் ஆகியிருக்கும். அரசாங்கத்தில் கல்லையும் மண்ணையும் ஆராய்கிற ஆபீஸ் ஒன்று கீரனூரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தது. ஊர்க்காரர்கள் அதைக் கல்லாபீஸ் என்றார்கள். அரியலூருக்கு வடக்கே ஓடைக்கரைகளில் தோண்டிய மண் லாரியில் மூட்டை மூட்டையாக வரும். தோண்டுகிற இடத்தில் கோடைக்குக் குடிக்கவே தண்ணீர் கிடையாது. மண்ணைக் கழுவ எங்கே போவது? கீரனூர் வீட்டுக் கிணறு வற்றாது என்று கேள்விப்பட்டு இங்கே கொண்டுவந்தார்கள். அந்த இடத்துக்கு அவர்தான் பொறுப்பு. நாங்கள் மூன்று பெண்கள் வேலைக்கு இருந்தோம். நானும் ஆரோக்கியமும் ஆவூர். கன்னியர் மடத்தில் லேஸ் பின்னிப் பழகிய கை என்பதால் எங்களைச் சிஸ்டர் அனுப்பிவைத்தார். மூன்றாவது ஆள் பாத்திமா அக்கா. கீரனூர் சந்தைக்குப் பின்னால் வீடு. மண்ணை ஊறவைத்து, மெல்லிய சல்லடையில் கழுவிக் காயவைப்பது அவர் வேலை. நான் வாரம் முழுக்கக் கீரனூரில் சித்தி வீட்டில் தங்குவேன். சனிக்கிழமை ஆவூர் போய் ஞாயிற்றுக்கிழமை பூசை பார்த்துவிட்டுத் திரும்புவேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. எட்டாம் வகுப்பு. கல்யாணம் ஆகவில்லை.

கழுவிக் காய்ந்த மணலைக் கறுப்பு வர்ணம் பூசிய தகரத்தட்டில் மெலிசாகப் பரப்பவேண்டும். பூதக்கண்ணாடி வழியாகக் கோடு கோடாகப் பார்த்துக்கொண்டே போய், மணல் அல்லாத எதையும் ஈரத் தூரிகையின் நுனியால் ஒற்றி எடுக்கவேண்டும். மணல் அல்லாதது என்றால் ராட்சசப் பல்லிகள் நடமாடிய காலத்துச் சின்ன உயிர்களின் ஓடு, மீனின் செதில், எலும்புத் துணுக்கு. எல்லாம் கடுகுக்கும் கசகசாவுக்கும் நடுவிலான அளவு.

முதல் நாள் நாங்கள் செய்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். "பொறுக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் பக்கத்து ஊருக்குப் போய்விட்டார். பெண்களிடம் தட்டைக் கொடுத்துப் பொறுக்கச் சொன்னால் கை என்ன செய்யும்? அரிசியில் கல் பொறுக்கிய கை. கறுப்பாக, கோணலாக, மினுமினுவென்று இருந்ததையெல்லாம் நானும் ஆரோக்கியமும் தேடித் தேடி எடுத்து ஜன்னல் வழியாகக் கொல்லையில் எறிந்தோம். சாயங்காலம் அவர் வந்தபோது சுத்தமான வெள்ளை மணலைக் கிண்ணத்தில் குவித்து, பெருமையாக நீட்டினோம். ஒரு தூசி துரும்பு இருக்காது. அந்த மணலில் சோறே வடிக்கலாம்.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு கொல்லைக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து, மண்ணைக் கூட்டி அள்ளத் தொடங்கினார். இரண்டு நாள் அள்ளினார். மேலே இருந்து ஒருவர் வந்து, ஒரு மூட்டை ஏன் வீணானது என்று அதட்டிக் கேட்டபோது, "எதைப் பொறுக்கணும்னு நான் சொல்லலைங்க. தப்பு எம்மேலதான்" என்றார். நாங்கள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அன்றைக்கு விழுந்தது அவர்மேல் எனக்கு நம்பிக்கை. ஊர் வேறு மாதிரி பேசும். அதெல்லாம் ஒன்றும் கிடையாது. ஒரு மனிதரை நம்புவதற்கு அவர் சொந்தக்காரராகவோ வேறு எதுவாகவோ இருக்கவேண்டியதில்லை.

எடுத்த பொருளுக்கெல்லாம் நீளநீளமான பெயர்கள் புத்தகத்தில் இருந்தன. எங்கள் வாயில் நுழையவில்லை. நாங்களே பெயர் வைத்தோம். சுருண்டிருந்தது முறுக்கு, இரண்டு தோலாக மூடியிருந்தது பயறு, வரி வரியாக உருண்டையாக இருந்தது கேப்பை. அவர் முதலில் முகத்தைச் சுளித்தார். ஒரு வாரத்தில் அவரே, "லூர்தும்மா, இன்னிக்கு முறுக்கு எத்தனை?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். எலும்பா கல்லா என்று சந்தேகம் வந்தால் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் எலும்பு. "சாருக்குக் காலைப் பலகாரமே பல்லி எலும்புதான்" என்பாள் ஆரோக்கியம், அவர் காதில் விழும்படி.

எந்தப் பொருளையும் மூன்று தடவை பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். அதுவும் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில். "வெயில் சாஞ்சா எல்லாமே பல்லு மாதிரிதான் தெரியும்" என்பார். மூன்றாவது தடவை பூதக்கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்து "பாத்தேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அதற்குமேல் கோர்ட்டு கிடையாது. பிறகு ஒரு சின்னச் சீட்டில் மூட்டை எண், தோண்டிய இடம், தேதி, எடுத்தவர் பெயர் எல்லாம் எழுதிக் கண்ணாடிக் குப்பிக்குள் போடுவார். எடுத்தவர் பெயர் என்ற இடத்தில் "லூர்து" என்று குண்டு குண்டாக எழுதுவார். ஞானஸ்நானப் புத்தகத்துக்குப் பிறகு என் பெயரை மரியாதையாக ஒரு காகிதத்தில் எழுதியவர் அவர்தான். ஒவ்வொரு தடவையும் மை காய்கிறவரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆரோக்கியத்துக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நடந்ததையும் சொல்லவேண்டும். மாப்பிள்ளையின் தகப்பனார் கறம்பக்குடியிலிருந்து நேராகக் கல்லாபீசுக்கே வந்து விசாரித்தார்.

"பொண்ணு எப்படிங்க?"

"வேலை செய்யறதைப் பாத்திருக்கேன். வேலையில சுத்தம்."

"குணம்?"

"கோவம் வந்து பாத்ததில்லைங்க."

"கோவம் வராதுங்கறீங்களா?"

"வராதுன்னு நான் சொல்லலை. பாத்ததில்லைன்னேன்."

உள்ளே ஆரோக்கியம் தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த மனுசன் என் கல்யாணத்தையே நிறுத்திருவாரு போலயே!" ஆனால் அந்தப் பெரியவர் விவரமானவர். இப்படி ஒரு ஆள் சுத்தம் என்று சொன்னால் அது சுத்தமாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார். தை மாதம் ஆரோக்கியத்துக்குக் கல்யாணம் முடிந்து கறம்பக்குடி போய்விட்டாள். தட்டு முன்னால் நான் ஒருத்தி மட்டும் மிஞ்சினேன்.

அந்தச் சமயத்தில்தான் அவர் என்னிடம் சொன்னார். கல்கத்தாவிலிருந்து பெரிய ஆபீசர் வரப்போகிறார். மெட்ராஸ் ஆபீசில் பொறுக்கும் வேலைக்கு ஒரு பெண்ணை நிரந்தரமாக எடுக்கப் போகிறார்கள். "ஒங்க பேரைத்தான் எழுதியிருக்கேன் லூர்தும்மா. கெடைக்கும்னு சொல்லலை. எழுதினதைச் சொல்றேன்." மற்றவர்கள் கிடைக்கும் என்று சத்தியம் செய்திருந்தால்கூட நான் அவ்வளவு நம்பியிருக்க மாட்டேன். அந்தச் சனிக்கிழமையே ஊருக்குப் போய் ஆத்தாவிடம் சொன்னேன். ஆத்தா பரண்மேல் இருந்த தகரப்பெட்டியை இறக்கித் துடைத்தது. மலேயாவில் இரண்டாம் தாரமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு சம்பந்தத்துக்கு, எங்கள் பிள்ளை மெட்ராசுக்கு உத்தியோகத்துக்குப் போகிறது என்று பதில் சொல்லி அனுப்பியது.

இதற்கு நடுவில் கடைசி நடை மண் வந்தது. தோண்டுகிற இடத்தில் எதிர்பாராத மழை பிடித்துக்கொண்டது. ஆபீஸ் அனுப்பவேண்டிய புதுப் பைகள் வந்துசேரவில்லை. லாரி போட்டுக் காத்திருக்கிறார்கள். அவர் என்ன செய்தார் என்றால், கீரனூர் சந்தைக்குப் போய்க் கிடைத்த சாக்குகளை வாங்கி, உதறி, லாரியில் போட்டுக்கொண்டு போய் அதில் மண்ணை அள்ளிவந்துவிட்டார். மூட்டையை அவிழ்த்த உடனேயே பாத்திமா அக்கா கிணற்றடியிலிருந்து கத்தினார்.

"யாத்தே, கோட்டைப்பட்டினத்துக் கடலே கீரனூருக்கு வந்துருச்சே! சார், இது கருவாட்டுச் சாக்கு சார். சுறாக் கருவாடு."

நானும் முகர்ந்து பார்த்தேன். "ஆமா சார், வாடை வருது."

அவர் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, "மூக்கால பாத்தீங்களா?" என்றார். நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

அந்த மண்ணில் பல் பல்லாக வந்தது. சின்னச் சின்ன வெள்ளைப் பற்கள், முக்கோணமாக, கூராக. அதற்குமுன் மாதத்துக்கு ஒன்று கிடைத்தால் பெரிய விஷயம். இப்போது தட்டுக்கு நாலு. அவருக்கே தலைகால் புரியவில்லை. எப்போதும் மூன்று தடவை பார்க்கிறவர் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குப்பியில் போட்டார். எண்ணிக்கையோடு கல்கத்தாவுக்குக் கடிதமும் போய்விட்டது.

அதே மண்ணில் ஒரு மஞ்சள் கட்டி இருந்தது, சுக்கான்கல் மாதிரி, பட்டாணி அளவில். கழுவியும் கரையவில்லை. அதன் பக்கவாட்டில் ஒரு கறுப்புப் புள்ளி பளபளத்தது. நான் அதைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு ஊசியால் இரண்டு நாள் சுரண்டினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படி. உள்ளே இருந்தது குருணை அரிசி அளவில் ஒரு பல். மற்றவை மாதிரி வெள்ளை இல்லை, கறுப்பு. பின்னோக்கி வளைந்திருந்தது. ஓரத்தில் பனங்கருக்கு மாதிரி வரிசையாக நுண்ணிய பற்கள். அடிப்பாகம் மட்டும் இன்னும் மஞ்சள் கல்லில் பதிந்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

பதினோரு மணி வெயிலில் அவரிடம் காட்டினேன். பாத்திமா அக்கா கிணற்றடியில் இருந்தார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். வெளியே வெயிலில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்.

"கல்லு ஒட்டியிருக்கு. கல்லுக்குள்ள இருந்துதான் வந்துருக்கு. பாத்தேன்" என்றார். பிறகு, "இது மீனு இல்ல லூர்தும்மா. இது தரையில நடந்துச்சு" என்றார்.

என் பெயரைச் சீட்டில் எழுதினார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

பெரிய ஆபீசர் வருவதற்கு முந்தின வாரம் சார் நிலைகொள்ளாமல் இருந்தார். குப்பிகளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பார், வைப்பார். ஒரு நாள் நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது என் பல்லை ஊசியால் சுத்தம் செய்துகொண்டிருந்தார். மஞ்சள் கல் துணுக்கு போய்விட்டிருந்தது. "ஏன் சார் எடுத்தீங்க?" என்று கேட்டேன். "பெரியவரு பாக்க வாராரு. அழகா இருக்கட்டும்னுதான்" என்றார். ஆபீஸ் வழக்கப்படி அப்படி எடுக்கவே கூடாது என்று அவரே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். சரி, அவருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன்.

அது தபசு காலம். நான் சாம்பல் புதன் தொடங்கி நாற்பது நாளும் கவுச்சி தொடுவதில்லை. கஞ்சியும் துவையலும்தான். தொடுகிற நாளாக இருந்தாலும் சாப்பாட்டுத் தூக்குகளைத் தட்டு இருக்கிற அறைக்குள் நாங்கள் கொண்டுபோனதே கிடையாது. கொல்லையில் புங்கமரத்தடியில் சாப்பிட்டு, கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவோம்.

பெரிய ஆபீசருக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் சொல்வதைச் சார்தான் இங்கிலீஷில் சொல்லவேண்டும். ஆபீசர் வெள்ளைப் பற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மாறியது. ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தச் சொன்னார். ஒரு பல்லை இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டினார். கல்லாகிப்போன பல் என்றால் ஒன்றும் ஆகாது. இது கருகிற்று. அறை முழுக்கச் சுட்ட கருவாட்டு நாற்றம். மூக்கால் பார்க்கவேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.

ஆபீசர் ஏதோ கேட்டார். அவர் பதில் சொன்னதில் "நியூ பேக்ஸ்" என்பது மட்டும் என் காதில் விழுந்தது. வாசலில் நின்ற பாத்திமா அக்கா, "சாக்குலதான் வந்துச்சுங்க, சந்தைச் சாக்கு, நான் அன்னிக்கே சொன்னேனே" என்றார். அவர் அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, தலையைக் குனிந்துகொண்டு வேறொன்று சொன்னார். "லேடீஸ்" என்றார். "லஞ்ச்" என்றார். "டிரை ஃபிஷ்" என்றார். ஆபீசர் திரும்பி, கொல்லை மரத்தில் தொங்கிய எங்கள் தூக்குகளைப் பார்த்தார். கோபப்படவில்லை. சிரித்தார். குழந்தைகள் சுவரில் கிறுக்கியதைப் பார்த்துச் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

பழி எங்கள் சாப்பாட்டுத் தூக்கின்மேல் விழுந்தது எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் என் பல் மிச்சம் இருந்தது. ஆபீசர் அதை எடுத்து வெகுநேரம் பார்த்தார். புருவம் ஏறியது. ஏதோ கேட்டார். அவர் என் பக்கம் திரும்பி, "இதுல கல்லு ஒட்டியிருந்துச்சான்னு கேக்குறாரு" என்றார்.

"ஆமா. மஞ்சக் கல்லு. சார், நீங்கதானே பாத்தீங்க. வெயில்ல வச்சுப் பாத்தீங்க. சொல்லுங்க சார்."

அவர் ஆபீசரிடம் சொன்னார். நாலே வார்த்தை. "ஐ டிட் நாட் ஸீ."

அந்த நாலு வார்த்தைக்கு எட்டாம் வகுப்பே அதிகம். மடத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் பாடத்திலேயே வந்துவிடும்.

அந்த மனிதரின் சாமர்த்தியம் என்னவென்றால், அவர் சொன்ன மறுநொடி, ஒருவேளை நிஜமாகவே அவர் பார்க்கவில்லையோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான்தான் கனவு கண்டேனோ, கல் ஒட்டியிருந்ததாக என் ஆசைதான் சொன்னதோ என்று. பார்க்காததைச் சொல்லாத மனிதர் என்று பேர் வாங்கியதே, பார்த்ததை இல்லை என்று சொல்லும்போது ஒருத்தர்கூட மறுக்கக் கூடாது என்பதற்குத்தானோ? நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவர் அறுத்தது கழுத்தை இல்லை. என் கண்ணை நானே நம்பாதபடி செய்தார். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆபீசர் அந்தப் பல்லைச் சுட்டுப் பார்க்கவில்லை. ஒன்றே ஒன்று இருப்பதால் உடைந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. என் பெயர் எழுதிய சீட்டின்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். கடைசி நடை மண்ணில் கிடைத்த எல்லாவற்றையும் கழிவுத் தகரத்தில் கொட்டச் சொன்னார். கொட்டியது எங்கள் சாரின் கைதான். குருணை அளவுப் பல்லை அந்த மணலுக்குள் இனி யார் தேடுவது? அது கல்லுக்குள்ளிருந்து வந்தது என்பதற்கு இரண்டே இரண்டு சாட்சி. அதில் ஒரு சாட்சி பல்டி அடித்தாயிற்று.

மறுநாள் எங்களை நிறுத்திவிட்டார்கள். "நாளைலேருந்து வர வேண்டாம்னு ஆர்டருங்க. போயிட்டு வாங்க" என்றார், என்றைக்கும் போல மரியாதையாக. பாத்திமா அக்கா அவர் முகத்துக்கு நேராக மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். எனக்கு அதுகூட வரவில்லை.

ஆவூருக்கு நான் போய்ச் சேருவதற்கு முன்னால் கதை போய்விட்டது. அரசாங்க ஆபீசில் உட்கார்ந்து, அதுவும் தபசு காலத்தில், கருவாடு தின்றவள். அதன் பல்லையே எடுத்து ராட்சசப் பல்லியின் பல் என்று ஆபீசரிடம் காட்டியவள். ஆத்தா தகரப்பெட்டியை மறுபடி பரண்மேல் ஏற்றியது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "நீ தின்னியா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லி அழுதிருப்பேன். மெட்ராஸ் வேலை போயிற்று, மலேயா சம்பந்தமும் போயிற்று. அதெல்லாம் போனால் போகட்டும். எனக்கு ஊரில் ஒரு பெயர் வந்தது. கருவாட்டுப் பல்லு. பிறகு கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் கைவேலை டீச்சர் ஆனேன். கரும்பலகைக்குத் திரும்பினால் பின்பெஞ்சிலிருந்து அந்தப் பெயர் மெதுவாக வரும்.

ஆறேழு வருஷம் கழித்து, ஈஸ்டர் முடிந்து எங்கள் ஊர்த் தேர்த் திருவிழா. நானும் சித்தியும் இன்னும் நாலைந்து பெண்களும் வளையல் கடைப் பக்கம் நின்றுகொண்டிருந்தோம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. காலரில் ஊசி இல்லை. நான் நாலடி தள்ளிப் போனேன், பின்னாலேயே வந்தார்.

"ஒங்களைத் தேடித்தான் வந்தேன் லூர்தும்மா."

நான் வளையல் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அன்னிக்கு நான் பாத்தேன். கல்லு ஒட்டியிருந்துச்சு. மஞ்சக் கல்லு. நாந்தான் சுரண்டி எடுத்தேன். அது நெசம்னு ஆனா அந்த மண்ணு எதுல வந்துச்சுன்னு தோண்டிக் கேப்பாங்க, சாக்கு விஷயம் வெளிய வந்து வேலை போயிரும்னு பயந்துட்டேன். மூணு பொண்ணுங்க."

மறைக்காமல் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். என் கண் பொய் சொல்லவில்லை. ஆறேழு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் ஒரு நிமிஷம் இறங்கியது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

"இதைப் பெரிய ஆபீசருக்கு எழுதிப் போடுங்க."

"எப்படிம்மா? பென்ஷன் பேப்பரு இப்பத்தான் நகருது."

"சரி, ஆபீஸ் வேணாம். அந்தா நிக்கிறாங்களே, எங்க சித்தி, எங்க தெருக்காரங்க. அவங்க நாலு பேருகிட்ட வந்து சொல்லுங்க. இந்தப் பொண்ணு கருவாடு திங்கலை, சாக்கு நாந்தான் வாங்கினேன்னு சொல்லுங்க. ஒங்க பென்ஷனை அவங்க நிறுத்த மாட்டாங்க."

அவர் அந்தப் பெண்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அப்போதுகூட ஒரு நப்பாசை, சொல்லிவிடுவார் என்று. நாலடி தூரம். நாலு அடி எடுத்து வைத்தால் போதும்.

"எனக்குத் தெரிஞ்சதை ஒங்ககிட்டச் சொல்லிட்டேன்மா. மனசு லேசாச்சு" என்றார். "ஒங்களுக்குத் தெரிஞ்சாப் போதாதா?"

"எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே சார். தெரியாதவங்ககிட்டல்ல சொல்லணும்."

கும்பிட்டார். கூட்டத்துக்குள் போய்விட்டார். பாரத்தை இறக்கி வைக்க வந்தவர், இறக்கி வைத்துவிட்டுப் போனார். இறக்கி வைத்த இடம் நான்.

சித்தி வளையலைக் கையில் மாட்டிக்கொண்டே வந்தது. "யாரு பிள்ளே அது? ஒன்னைக் கும்பிட்டுட்டுப் போறாரு?"

"தெரியாது சித்தி" என்றேன். "யாரோ, வழி கேட்டாரு."

வருஷா வருஷம் பெரிய வியாழனுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அடித்தது, பக்கத்து வீட்டைப் பற்றிப் புறம் பேசியது, பூசைக்குப் பிந்திப் போனது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சாமியாரிடம் சொல்லிவிடுவேன். அந்த ஒரு பொய்யை மட்டும் இதுவரை சொன்னதில்லை. சொல்லப் போவதும் இல்லை.